அரிய குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? அட்டன்பரோவை வைத்து ஒரு பயிற்சி

ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாற்றை இணையத்தில் தேடினால் முதலில் எதிர்ப்படுவது கடைக்காரர்கள்தாம். கேடயம், சிங்கம், இலத்தீன் வாசகம் எல்லாம் போட்டு, ‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று சட்டமடித்து விற்பார்கள். இங்கிலாந்தின் மரபுப்படி சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்படுவது. ஒரு பெயரைத் தாங்கிய அனைவருக்கும் பொதுவான சின்னம் என்று எதுவும் கிடையாது. எனவே அந்தப் பக்கங்களை மூடிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ‘இந்தப் பெயருக்கு என்ன பொருள்?’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசிப் பக்கம் தள்ளிவைக்கச் சொல்வேன். முதலில் ஆட்களை எண்ணுங்கள். அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். அது தெரிந்த பிறகு பொருளைத் தேடினால் பாதி ஊகங்கள் தாமே உதிர்ந்துவிடும்.

நம்மில் பலர் தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடுகிறது. இங்கிலாந்தில் அப்படியில்லை. 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்த பிறகு மெல்லப் பரவத் தொடங்கிய குடும்பப் பெயர், ஏறக்குறைய 1400க்குள் பெரும்பாலான குடும்பங்களில் நிலைத்துவிட்டது. அதன் பிறகு தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு அப்படியே இறங்கி வந்திருக்கிறது. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டு சில நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போக முடிகிறது.

படி 1: எண்ணி முடிக்கக்கூடிய பெயராகத் தேர்ந்தெடுங்கள்

ஸ்மித், ஜோன்ஸ் போன்ற பெயர்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாகத் தோன்றியவை. ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், எனவே ஊருக்கு ஊர் ஸ்மித்தும் இருந்தார். அவற்றுக்கு ஒற்றை வேர் தேடுவது வீண். அரிய பெயரில் அந்தச் சிக்கல் குறைவு.

இங்கே எடுத்துக்கொள்வது அட்டன்பரோ. இயற்கை ஆவணப் படங்களின் டேவிட் அட்டன்பரோவும், காந்தியடிகளின் வாழ்க்கையைத் திரைப்படமாக எடுத்த அவருடைய அண்ணன் ரிச்சர்டும் நமக்கு நன்கு தெரிந்தவர்கள். பெயர் மட்டும் அரியது. நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, ட்ரென்ட் ஆற்றங்கரையில் இதே பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையின் தளபதிகளில் ஒருவரான ஹென்றி ஐர்ட்டன் 1611இல் பிறந்த ஊர் அது. அங்கே சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து உருவான பறவைகள் காப்பகத்தை 1966இல் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோவேதான்.

பெயரைத் தேர்ந்தெடுத்ததும், வேறு யாராவது அதை ஏற்கெனவே ஆராய்ந்து வருகிறார்களா என்று பாருங்கள். ஒரே குடும்பப் பெயரைத் தாங்கிய அனைவரையும் ஆராயும் ஒற்றைப் பெயர் ஆய்வாளர்களுக்கென்றே ‘கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ்’ என்ற அமைப்பு 1979 முதல் இயங்குகிறது. அதன் தளத்தில் பெயரைத் தட்டினால் அது பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பதிவாகியிருந்தால் பாதி வேலை மிச்சம்.

படி 2: எழுத்து வடிவங்களைத் திரட்டுங்கள்

பழைய பதிவேடுகளில் பெயரை எழுதியவர் அதன் சொந்தக்காரர் அல்லர். பாதிரியாரோ கணக்கெடுப்பாளரோ காதில் விழுந்தபடி எழுதினார். அட்டன்பரோ என்ற பெயரின் ஆங்கில வடிவத்தில் கடைசியாக வரும் ஓ, யு, ஜி, எச் என்ற நான்கெழுத்து வாலை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அட்டன்பர்ரோ, அட்டன்ப்ரோ போன்ற வடிவங்கள் இன்றும் தனிக் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன.

எனவே முழுப் பெயரைத் தேடல் பெட்டியில் இடாதீர்கள். முதல் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் அதன் பின் ஒரு நட்சத்திரக் குறியையும் இட்டால், பழைய பதிவேடுகளைத் தேடித் தரும் ஃபேமிலிசர்ச் போன்ற தளங்கள் அப்படித் தொடங்கும் எல்லாப் பெயர்களையும் தரும். ஒலியை வைத்து இன்னும் அகலமாக வலை விரித்தால் வேண்டாத மீனும் விழும். ஆட்டர்பரி, அட்டன்பரோவைப் போல ஒலித்தாலும் வேறு பெயர் (ஏன் என்பது படி 6இல்). கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற மருத்துவமனையால் நாம் அறிந்த ஆடன்புரூக் என்பதும் வேறுதான். ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி இரண்டு பெயர்களை ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். சந்தேகத்துக்குரியவற்றுக்கு விரிதாளில் தனி நிறம் கொடுத்து வையுங்கள்.

படி 3: 1881இல் நிலைகொள்ளுங்கள்

இங்கிலாந்தில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நாடு முழுவதும் ஆட்களின் பெயர் வாரியான பதிவு 1841 முதல்தான் கிடைக்கிறது. அந்த 1841 ஏட்டிலும் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் இருக்காது, ‘இதே மாவட்டத்தில் பிறந்தவரா?’ என்ற கேள்விக்கு விடை மட்டும் இருக்கும். 1851 முதல் வயது, உறவுமுறை, பிறந்த ஊர் எல்லாம் வருகின்றன.

இருந்தாலும் 1881இலிருந்து தொடங்கச் சொல்கிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான அந்த ஏட்டைத் தன்னார்வலர்கள் படியெடுத்துவிட்டார்கள். ஃபேமிலிசர்ச்சில் இலவசமாகப் பார்க்கலாம். அரிய பெயர் என்றால் அதைத் தாங்கிய அத்தனை பேரையும் ஒரே விரிதாளில் கொண்டுவந்துவிட முடியும். பெயர், வயது, தொழில், வசித்த ஊர், பிறந்த ஊர் என ஐந்து பத்திகள் போதும்.

இவற்றில் மிக முக்கியமானது பிறந்த ஊர். விக்டோரியா காலத்து லண்டனில் அட்டன்பரோ என்றால் பலருக்கு நினைவுக்கு வந்தது அடகுக்கடைதான். அந்தத் தொழிலில் அவ்வளவு பரவியிருந்த பெயர் அது. வசித்த ஊரை மட்டும் எண்ணினால் லண்டன் பெரிய மையம் போலத் தோன்றும். வீட்டில் மூத்தவர் பிறந்த ஊரைப் பார்த்தால், எந்தக் குடும்பம் எங்கிருந்து கிளம்பியது என்பது தெளிவாகும்.

பிற்காலப் பதிவுகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டேவிட் அட்டன்பரோவின் குடும்பமே சான்று. அவர் 1926இல் லண்டனை அடுத்த ஐல்வொர்த்தில் பிறந்தார். தந்தை ஃபிரடெரிக் 1887இல் ஸ்டாஃபோர்ட்ஷயரின் பர்ஸ்லெம் நகரில் பிறந்தார். தாத்தா ரொட்டிக்கடை வைத்திருந்ததோ நாட்டிங்ஹாம்ஷயரின் ஸ்டேப்பிள்ஃபோர்டில். அங்கிருந்து அட்டன்பரோ சிற்றூர் சில கிலோமீட்டர் தூரம்தான்.

படி 4: எண்ணிக்கையை விகிதமாக்குங்கள்

பெரிய நகரத்தில் எல்லாப் பெயரும் அதிகமாகத்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு மாவட்டத்திலும் லட்சம் பேருக்கு எத்தனை பேர் அந்தப் பெயரைத் தாங்கியிருந்தார்கள் என்று கணக்கிடுங்கள். 1881இல் லண்டனின் பெரும்பகுதி அடங்கிய மிடில்செக்ஸில் ஏறத்தாழ 29 லட்சம் பேர். நாட்டிங்ஹாம்ஷயரில் ஏறத்தாழ 4 லட்சம். பேச்சுக்கு, ஒரு பெயருக்கு மிடில்செக்ஸில் 30 பேரும் நாட்டிங்ஹாம்ஷயரில் 20 பேரும் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முன்னதில் லட்சத்துக்கு 1, பின்னதில் லட்சத்துக்கு 5. எண்ணிக்கையில் தோற்ற மாவட்டம் விகிதத்தில் ஐந்து மடங்கு முந்திவிடுகிறது.

அட்டன்பரோவுக்கு இதைச் செய்தால் நாட்டிங்ஹாம்ஷயரும் அதை ஒட்டிய டெர்பிஷயரும் மேலே வரும். ஊர்ப் பெயரால் அமைந்த குடும்பப் பெயர்களில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவற்றின் அடர்த்தி பெரும்பாலும் அந்த ஊருக்குள் இருக்காது, அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். ஊருக்குள் இருக்கும்வரை ஒருவரை ஊர்ப் பெயரால் அடையாளம் சொல்ல முடியாதல்லவா? பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் அந்தப் பெயரால் பயன் உண்டாகிறது.

வெளிநாடுகளுக்குப் போனவர்களையும் பார்க்க விரும்பினால், அமெரிக்க மக்கள்தொகை அலுவலகம் 2000, 2010 கணக்கெடுப்புகளில் 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ தாங்கிய பெயர்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. 2010 பட்டியலில் 1,62,253 பெயர்கள் உள்ளன. உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் அங்கே அதைத் தாங்கியவர்கள் நூற்றுக்கும் குறைவு என்று பொருள். ‘உலகில் மொத்தம் இத்தனை பேர்’ என்று துல்லியமாக எண் சொல்லும் தளங்கள் தருவது மதிப்பீடு. அதை விரிதாளில் ஏற்றாதீர்கள்.

படி 5: பின்னோக்கி நடங்கள்

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதிவு செய்கிறது. அதன் அட்டவணையை ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு மாவட்டங்களின் பெயர்கள் குழப்பும், கவனம். ஸ்டேப்பிள்ஃபோர்டும் டோட்டனும் நாட்டிங்ஹாம்ஷயரில் இருந்தாலும் அவை சேர்ந்திருந்த ஷார்ட்லோ பதிவு மாவட்டத்தின் தலைமை இடம் டெர்பிஷயரில் இருக்கிறது. அட்டவணையில் ‘ஷார்ட்லோ’ என்று பார்த்ததும் குடும்பம் இடம் மாறிவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.

1837க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தாம். அவற்றை வைக்கும்படி எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1538இல் ஆணையிட்டார். எல்லா ஊர்களிலும் அந்த ஆண்டு முதலே ஏடு தப்பிப் பிழைக்கவில்லை. அட்டன்பரோ தேவாலயப் பங்கில் சில்வெல், டோட்டன் ஆகிய ஊர்களும் அடங்கும், எனவே மூன்று பெயர்களிலும் தேடுங்கள். அடுத்தது உயில்கள். 1858க்கு முன்பு உயில்களைத் தேவாலய நீதிமன்றங்களே ஏற்றுச் சான்றளித்தன. நாட்டிங்ஹாம்ஷயர் 1837 வரை யார்க் மறைமாவட்டத்தின் கீழ் இருந்ததால், லண்டனில் தேடிக் கிடைக்காத உயில் யார்க்கில் கிடைக்கலாம். வீட்டு அடுப்புகளை எண்ணி விதித்த 1660களின் அடுப்பு வரிப் பட்டியல்களும், ஆள்வாரியாக விதித்த 1377 முதல் 1381 வரையிலான தலைவரிப் பட்டியல்களும் பிழைத்திருக்கும் இடங்களில் பெரும் உதவி.

படி 6: இப்போது பொருளைத் தேடலாம்

அட்டன்பரோவுக்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, நாட்டிங்ஹாம்ஷயர் சிற்றூர். ஆடா அல்லது அதையொத்த ஒரு பழைய ஆங்கில ஆள்பெயரோடு ‘கோட்டை’ என்று பொருள்படும் சொல் சேர்ந்து அந்த ஊரின் பெயர் அமைந்தது. இன்னொன்று, ‘அட்டன்’ என்பதையே ‘அந்த இடத்தருகே’ என்ற இடைக்கால ஆங்கில வழக்காகக் கொள்வது. நாஷ், நோக்ஸ் ஆகிய பெயர்கள் அப்படிப் பிறந்தவைதாம்.

இங்கே பழைய இலக்கணம் கைகொடுக்கிறது. கோட்டையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் பெண்பால். அதன் முன் ‘அட்டர்’ வர வேண்டும், ஆட்டர்பரி என்ற பெயர் அப்படி அமைந்தது. ‘அட்டன்’ ஆண்பாலுக்கும் அஃறிணைப்பாலுக்கும் உரியது. ஆகவே ‘கோட்டையருகே வசித்தவர்’ என்ற விளக்கம் இலக்கணத்தில் இடறுகிறது. பெயரின் பின்பாதியைத் ‘தோப்பு’ என்று கொண்டு ‘தோப்பருகே வசித்தவர்’ என்றால் பொருந்தும், தோப்பைக் குறிக்கும் சொல் ஆண்பால் என்பதால். அந்த விளக்கம் உண்மையானால் பெயர் பல மாவட்டங்களில் சிதறித் தோன்றியிருக்க வேண்டும். படி 4இன் விகிதங்களோ ஒரே சிற்றூரைச் சுற்றிக் குவிந்து நிற்கின்றன. என் வாக்கு சிற்றூருக்கே.

படி 7: மரபணு, விரும்பினால்

ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோமும் குடும்பப் பெயரைப் போலவே தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் 40 பிரிட்டன் குடும்பப் பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெயர் அரியதாக ஆக, அதைத் தாங்கியவர்கள் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்வது பொதுவாக அதிகரித்தது. அட்டன்பரோ பெயர் கொண்ட ஆண்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஒரே வகையான, அல்லது ஏறத்தாழ ஒரே வகையான ஒய் குரோமோசோமைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உடனே ‘ஆதி அட்டன்பரோ ஒருவரே’ என்று எழுதத் தோன்றும். அதே ஆய்வு அதைத் தடுக்கிறது. சில கிளைகளில் மகன்கள் அதிகம் பிறந்தார்கள், சில கிளைகள் மகன் இல்லாமல் அற்றுப்போயின. பத்துப் பேர் தொடங்கிய பெயரில் கடைசியில் ஒருவரின் வழி மட்டும் எஞ்சலாம். ஃபிரான்சிஸ் கால்ட்டனும் ஹென்றி வாட்சனும் 1874இலேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். பெயர்கள் அரியனவாவதில் பெரும்பங்கு இந்தக் குருட்டுத் தற்செயலுக்கு உண்டு. பழம்பெருமைக்கும் உயர்குடிப் பிறப்புக்கும் அதில் வேலையில்லை.

இதே குழு 2007இல் வெளியிட்ட இன்னொரு முடிவையும் தெரிந்துகொள்ளுங்கள். கிழக்கு யார்க்ஷயரைச் சேர்ந்த ஓர் அரிய பெயரைத் தாங்கிய 18 ஆண்களில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஒய் குரோமோசோம் இருந்தது. ஆவணங்களைக் கொண்டு தேடியபோது அந்த ஏழு பேரும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யார்க்ஷயரில் வாழ்ந்த மூதாதையரைக் கொண்ட இரண்டு குடும்பங்களில் அடங்கினார்கள். மீதி 11 பேருக்கும் அதே பெயர், ஆனால் வேறு குரோமோசோம். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை தாயின் பெயரைப் பெற்றிருக்கலாம். மாற்றாந்தந்தையின் பெயரை ஏற்றிருக்கலாம். இங்கிலாந்தில் எந்தப் பதிவும் இல்லாமலே பெயரை மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

ஆகவே யாரிடமும் மரபணு மாதிரி கேட்பதற்கு முன், அவர் எதிர்பாராத விடை வரக்கூடும் என்பதைச் சொல்லிவிட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். உயிரோடு இருப்பவர்களின் வரிசைகளை வெளியிடும் விரிதாளிலிருந்து நீக்கிவிடுங்கள். நூறாண்டு கழியும்வரை கணக்கெடுப்பு ஏடுகளை அரசே திறப்பதில்லை. 1921 ஏடு 2022இல்தான் வெளிவந்தது. 1931 ஏட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், 1942இல் நடந்த ஒரு தீவிபத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் ஏடுகள் எரிந்துபோயின. அந்த இடைவெளிக்கு, இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் எடுத்த 1939ஆம் ஆண்டு ஆட்பதிவேட்டைப் பாருங்கள்.