ஆனந்தரங்கப் பிள்ளையைக் கூடிப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வாசகர் வட்டத்தில் எடுத்தால், முதலில் வருவது தேதிச் சண்டை. எங்களுக்கும் வந்தது. 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது செப்டம்பர் 10 என்றார் ஒருவர். இல்லை, 21 என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் வீண். இரண்டுமே சரிதான். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியை விடவில்லை, பிரெஞ்சுக்காரர்கள் இன்றைய கிரிகோரியன் நாள்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். நடுவில் 11 நாள். பிள்ளை தமிழ் வருஷமும் மாதமும் சேர்த்து எழுதுகிறவர் வேறு. 1736-இல் அவர் எழுதத் தொடங்கியது நள வருஷத்தில். மூன்று கணக்கையும் ஒரே தாளில் எழுதி நடுவில் வைத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, அவர் எழுதியதெல்லாம் அவர் பார்த்தது என்று எடுத்துக்கொள்வது. காதால் கேட்டதையும் எழுதுவேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அதற்காக அவர் ஏசு சபைப் பாதிரிமாரையும் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் மனைவியையும் சாடுகிறார். அந்த அம்மாளுக்கும் இவருக்கும் ஏற்கெனவே ஆகாது. அதற்காகப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. கோயில் இடிந்தது நிஜம். யார் தூண்டினார்கள் என்கிற வரியில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பார்த்தாரா, கேட்டாரா, யார் சொல்லிக் கேட்டார் என்று பேசலாம். எங்கள் கூட்டங்களில் உருப்படியான பேச்சு பெரும்பாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது.

‘வெள்ளைக்காரனுக்குத் துபாஷி வேலை பார்த்த துரோகி’ என்று யாராவது ஆரம்பித்தால் மாலை முழுக்க அதிலேயே போய்விடும். இன்றைய தேசம் அன்று அவர் கண்முன் இல்லை. கப்பல், சரக்கு, பாக்கி, நவாபுக்கு அனுப்பும் வெகுமதி, இவைதான் இருந்தன.

அப்புறம், ஒரு வராகன் (அன்றைய பொற்காசு) இன்றைக்கு எத்தனை ரூபாய் என்ற கேள்வி. விடை கிடைத்தாலும் பயனில்லை. அதே பக்கத்தில் அந்தப் பணத்துக்கு என்ன வாங்கினார்கள் என்று பாருங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது முடிவைத் தெரிந்துகொண்டு பேசுவது. பிள்ளை 1761 ஜனவரியில் இறந்தார். சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. ஆனால் 1750-இல் துப்ளேயின் கை ஓங்கியிருக்கிறது, பிள்ளையும் அந்தத் தெம்பில்தான் எழுதுகிறார். ‘பாவம், பின்னால் வரப்போவது தெரியாமல்...’ என்று இழுத்தால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். படித்த பக்கத்துக்கு அப்புறம் நடந்ததை யார் சொன்னாலும், அன்றைய டீ செலவு அவருடையது என்று வைத்திருக்கிறோம். போன மாதம் நான்தான் கொடுத்தேன்.