வீட்டை விற்பதற்கு முன் எந்த வேலைகளைச் செய்யாமல் விடலாம்?

மதுரையில் பழைய தனிவீட்டை விற்பது என்று முடிவானதும், பெரும்பாலான குடும்பங்களில் முதலில் அழைக்கப்படுபவர் பெயின்டர். அவர் பின்னாலேயே டைல்ஸ் போடுபவரும் தச்சரும் வந்துவிடுவார்கள். மூவரும் சொல்லும் தொகையைக் கூட்டினால் சில லட்சங்களாகும். அதில் எவ்வளவு விற்பனை விலையாகத் திரும்பி வரும் என்பதை வேலையைச் செய்து தருபவரிடமே கேட்பதில் பயனில்லை. அதை நாமே கணக்கிடலாம்.

முதல் படி: மனையையும் கட்டடத்தையும் பிரித்துப் பாருங்கள்

கே.கே.நகரானாலும் வில்லாபுரமானாலும், பழைய தனிவீட்டுக்கான பேச்சு “சென்ட் என்ன விலை?” என்றுதான் தொடங்கும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: மூன்று சென்ட் மனை, சென்ட் 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மனைக்கே 60 லட்சம். அதில் 1,000 சதுர அடியில் முப்பது ஆண்டுக்கு முன் கட்டிய வீடு இருக்கிறது; இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,200 ரூபாய் ஆகும் என்றால் 22 லட்சம். கட்டடத்தின் ஆயுளை அறுபது ஆண்டு என்று கொண்டு தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது 11 லட்சம். இப்படிப்பட்ட கட்டடத்தில் சமையலறைக்கு மட்டும் 4 லட்சம் செலவழிப்பது, கட்டட மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழிப்பதாகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மனையின் பங்கு சிறியது என்பதால் உள்தோற்றத்துக்கு அங்கே சற்றுக் கூடுதல் மதிப்பு உண்டு. இங்கே சொல்வது தனிவீட்டைப் பற்றி.

இரண்டாம் படி: பட்டியல் எழுதி, கேள்வி கேட்டு அடியுங்கள்

மனத்தில் இருக்கும் எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வாங்குபவர் இதைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வாரா? இதைச் செய்யாமல் விட்டால் வீட்டின் உறுதியைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வருமா? முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை வந்தால் அந்த வேலையை அடித்துவிடலாம்.

இந்தச் சோதனையில் முதலில் விழுவது மாடுலர் கிச்சன். நம் பக்கத்தில் வீடு பார்க்க வருபவர் அலமாரியின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்பே அடுப்பு அக்னி மூலையில் இருக்கிறதா, ஈசான்யத்தில் கழிப்பறை வந்துவிட்டதா என்று திசை பார்ப்பார். உங்களுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே பொருட்டன்று. அவருக்கு இருந்தால் நீங்கள் போட்ட கிரானைட் மேடை இடிபடும். அவர் எந்த வாஸ்து நிபுணரைக் கேட்பார் என்று தெரியாத நிலையில், நீங்களே முந்திக்கொண்டு வாசலையும் சுவரையும் மாற்றுவது அதைவிட வீண்.

ஃபால்ஸ் சீலிங் பணத்தைத் தின்பதோடு நிற்காது. பழைய வீட்டில் புதிதாக அது தெரிந்தால், மேலே கசிவை மறைத்திருக்கிறார்களோ என்று எண்ணத் தோன்றும். விரிசல் இல்லாத மொசைக் தரையை டைல்ஸாக மாற்ற வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரால் வெள்ளை படிந்த குளியலறையை முழுவதும் புதுப்பிக்கத் தேவையில்லை; கறையைத் தேய்த்துக் கழுவி, ஒழுகும் குழாய்களை மட்டும் மாற்றினால் போதும். ஏ.சி., வால்பேப்பர், அலங்கார விளக்குகள் எதுவும் வேண்டாம்.

மூன்றாம் படி: புதிதாக எதையும் கட்டாதீர்கள்

மாடியில் ஓர் அறை எழுப்பினால் விலை ஏறும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக் கடனில் வாங்குபவர் வந்தால், வங்கியின் பொறியாளர் அனுமதி பெற்ற வரைபடத்தையும் இருக்கும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். வரைபடத்தில் இல்லாத அறை மதிப்பில் சேராமல் போகலாம். விதிமீறல் பெரிதாக இருந்தால் கடனே கிடைக்காமல் வியாபாரம் நின்றுபோகும்.

நான்காம் படி: விடக்கூடாதவற்றைத் தனியே எழுதுங்கள்

மாடித் தளக் கசிவு, சுவரின் அடியிலிருந்து ஏறும் ஈரம் (ஓதம்), காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும் இடம், தீய்ந்துபோன சுவிட்ச் போர்டு ஆகியவற்றைச் சரிசெய்தே ஆக வேண்டும். சிறிய கறையைக் கண்டு வாங்குபவர் குறைக்கக் கேட்கும் தொகை, பழுதுபார்க்கும் செலவைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள், மாடியில் மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்து, ஒரு நாள் முழுவதும் சிறிதளவு நீரைத் தேக்கி, கீழே கூரையில் எங்கே ஈரம் தெரிகிறது என்று பாருங்கள். கசியும் இடத்தை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் சில வாரங்களிலேயே உப்புப் பூத்து உரியும். நிறம் வெளிர்நிறமாக இருக்கட்டும். முன்புறத்துக்கும் கூடத்துக்கும் அடித்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது.

ஐந்தாம் படி: மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதியைப் பத்திரங்களுக்கு ஒதுக்குங்கள்

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், உங்கள் பெயரில் பட்டா, சொத்து வரி ரசீது, அனுமதி பெற்ற வரைபடம், இறந்தவர் பெயரில் சொத்து இருந்தால் வாரிசுச் சான்றிதழ் ஆகியவை கையில் இருக்க வேண்டும். வீட்டுவரியும் மின் இணைப்பும் இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பெயர் மாற்றத்துக்கு ஆகும் செலவு சிறிது. அது இல்லாமல் நின்றுபோகும் வியாபாரம் பெரிது.

ஆறாம் படி: வரிச்சலுகைக்காக வேலை செய்யாதீர்கள்

24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் கிடைக்கும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். வரி விகிதம் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலுடன் (அதாவது வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தி) 20 சதவீதக் கணக்கையும் ஒப்பிட்டு, குறைவான வரியைச் செலுத்தலாம். கட்டடத்தில் செய்த நிலையான மேம்பாட்டின் செலவைப் பில் இருந்தால் ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். பெயின்ட், சில்லறைப் பழுது போன்றவை பொதுவாக இதில் அடங்கா. “எப்படியும் வரியில் கழியும்” என்று சொல்லி ஒப்பந்ததாரர் ஒரு லட்ச ரூபாய் வேலையை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால், அதனால் குறையும் வரி 12,500 ரூபாயோ, அதிகம் போனால் 20,000 ரூபாயை ஒட்டியோதான் இருக்கும் என்பதையும், மீதி முழுவதும் உங்கள் கையிலிருந்து போகிறது என்பதையும் அவர் எதிரிலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.