இளம் பைக் பந்தய வீரரின் முதல் ஆண்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக் பந்தயத்தில் ஆசை வைக்கும் சென்னைப் பிள்ளைக்குக் களம் வெகுதூரத்தில் இல்லை. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், முதலில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் கொண்ட தனிக்களம் 1990 முதல் இருக்கிறது. 2011-இல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் ஓட்டிய முதல் இந்தியரான சரத்குமார் சென்னைக்காரர்தான். இவ்வளவு வாய்ப்பும் அருகிலேயே இருந்தும், நன்றாக ஓட்டக்கூடிய பல பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் காயத்தாலோ கடனாலோ ஒதுங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. கற்க வேண்டியதைக் கற்பதற்கு முன்பே வேகத்தைத் தேடிய அவசரம்தான் அவர்களை வீழ்த்தியது.

அந்த அவசரம் பெரும்பாலும் சாலையில் தொடங்குகிறது. ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்பர்களோடு முறுக்கிப் பறப்பதைப் பயிற்சி என்று நம்பும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். நேர்ச்சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும், எங்கே பிரேக் பிடிப்பது, திருப்பத்தில் எந்தக் கோட்டில் நுழைவது, வெளியேறும்போது ஆக்ஸிலேட்டரை எப்போது திறப்பது என்ற மூன்றையும் அந்தச் சாலை கற்றுத் தராது. பந்தயம் என்பதோ இந்த மூன்றும்தான். மணல் படிந்த ஓரமும் திடீரெனக் குறுக்கே வரும் மாடும் எதிரே வரும் பேருந்தும் அங்கே உண்டு. கொடி காட்டும் மார்ஷலும் காத்து நிற்கும் ஆம்புலன்ஸும் இல்லை. ஓட்டுபவர் 18 வயது நிரம்பாதவர் என்றால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கப்படலாம். அந்தப் பிள்ளை 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் பெற முடியாமலும் போகலாம்.

அடுத்த தவறு, பெரிய பைக்கில் தொடங்குவது. 150 முதல் 200 சிசி வரையிலான பைக்கில் திருப்பத்தின் நடுவே ஒரு தவறு செய்தால், அடுத்த நேர்ப்பகுதி முழுவதும் அதன் விலை தெரியும். இழந்த வேகத்தை மீட்டுத் தரும் சக்தி அந்த எஞ்சினுக்குக் கிடையாது. 600 சிசி பைக்கிலோ ஆக்ஸிலேட்டரைத் திறந்தவுடன் அந்தத் தவறு மறைந்துபோகும், ஓட்டுபவரும் தன்னைத் தேர்ந்தவர் என்று எண்ணிக்கொள்வார். எல்லோருக்கும் ஒரே மாதிரி பைக் தரும் ஒன்-மேக் பந்தயங்களை, புதியவருக்குக் கிடைக்கும் நேர்மையான பள்ளிக்கூடம் என்றே நான் மதிக்கிறேன், ஏனென்றால் தோற்றதற்கு அங்கே வண்டியைக் குறை சொல்ல முடியாது. சொந்த பைக்கோடு வருபவர்கள், வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் சைலன்சருக்கும் ஸ்டிக்கருக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, தேய்ந்த டயரோடும் பழைய பிரேக் பேடோடும் களத்துக்கு வருவதையும் காண்கிறோம். முதல் ஆண்டில் எஞ்சினைத் தொடவே வேண்டாம். இருக்கும் பணம் டயருக்கும் பிரேக்குக்கும் களத்தில் ஓட்டும் நேரத்துக்கும் போகட்டும்.

பாதுகாப்பு உடையில் சிக்கனம் பார்ப்பதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. தையல் பிரியாத பழைய லெதர் சூட் அளவாக இருந்தால் வாங்கலாம்; பழைய ஹெல்மெட்டை மட்டும் ஒருபோதும் வாங்கக் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளடுக்கு நசுங்கியிருக்கும், அது வெளியே தெரியாது. அளவில் பெரிய ஹெல்மெட்டும், வெயில் தாளாமல் தளர்த்திவிட்ட வாரும் விழும்போது தலையைக் காக்காது. 2023 ஆகஸ்ட்டில் இருங்காட்டுக்கோட்டைக் களத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தின்போது விழுந்து உயிரிழந்தான். அந்த வார இறுதியின் எஞ்சிய பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம், இந்த விளையாட்டில் ஒரு பிள்ளையை இறக்கிவிடும் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பது நெஞ்சை அழுத்துகிறது.

களத்துக்குள் நடக்கும் தவறுகளில் தலையாயது பார்வையைப் பற்றியது. புதியவர்கள் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னாலோ, முன்னே போகும் பைக்கின் பின்சக்கரத்தையோ பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டியும் போகும் என்பதால், முன்னே போனவர் தடம் மாறிச் சரளைக்குள் இறங்கினால் பின்னால் வருபவரும் கூடவே இறங்குகிறார். பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே கண் திருப்பத்தின் உள்முனைக்கும், அந்த உள்முனையை அடைவதற்கு முன்பே வெளியேறும் இடத்துக்கும் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது, பிரேக்கைத் திடீரென்று இறுக்குவது. வேகம் குறையும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. அந்த எடை வந்து சேர்வதற்கு முன்பே லிவரை இறுகப் பிடித்தால், சாலையை இன்னும் கவ்விக்கொள்ளாத டயர் வழுக்கிவிடும். முதலில் மெல்ல அழுத்தி, எடை ஏறியபின் பலமாகப் பிடித்து, வண்டி சாயச் சாய விரலைத் தளர்த்த வேண்டும். சொல்வதற்கு இரண்டு வரி. உடம்புக்கு வசப்பட ஒரு பருவம் முழுவதும் ஆகலாம். டயர் சூடேறாத முதல் சுற்றில், அதுவும் முதல் திருப்பத்திலேயே, நான்கு பேரைத் தாண்டிவிட நினைப்பவர்கள் இதை மறந்துதான் விழுகிறார்கள்.

ஸ்பீட்வே பந்தயக் காட்சிகளைப் பார்த்து அதன்மேல் ஆசை கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வே பெயரில் அச்சொல் இருந்தாலும், அது தார் போட்ட களம். உண்மையான ஸ்பீட்வே நீள்வட்ட மண் களத்தில் நடப்பது. மெத்தனாலில் ஓடும் 500 சிசி ஒற்றை சிலிண்டர் பைக்கில், நான்கு பேர், நான்கு சுற்றுகள், இடப்பக்கத் திருப்பங்கள் மட்டுமே. அந்த பைக்கில் பிரேக்கே கிடையாது. பின்சக்கரத்தை ஆக்ஸிலேட்டரால் வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி திருப்பத்தைக் கடக்க வேண்டும். அங்கே தொடக்கநிலையினர் செய்யும் பெருந்தவறு, வண்டி வழுக்கும்போது பயந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடுவது. மூடியதும் பின்டயர் திடீரெனப் பிடிமானம் பெற்று ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடும். தார்க் களத்திலும் இதே காரணத்தால் பலர் தூக்கி எறியப்படுகிறார்கள். உலகத் தரத்தில் ஓட்டும் பலர் மண் களத்தில் பயிற்சி எடுப்பது இந்த வழுக்கலோடு பழகத்தான். ஆகவே தகுந்த பயிற்சியாளரின் மேற்பார்வையில் சிறிய பைக்கோடு மண்ணில் கழிக்கும் நேரத்தை வீண் என்று ஒதுக்குவதும் ஒரு தவறே.

காயத்தை மறைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. காறை எலும்பு முறிந்தால் வலி காட்டிக்கொடுத்துவிடும். தலையில் பட்ட அடியோ, எழுந்து நின்று கையசைக்கும் பிள்ளைக்குள்ளும் ஒளிந்திருக்கும். தலைச்சுற்றல், குமட்டல், சற்றுமுன் நடந்தது நினைவில்லாமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அன்று மீண்டும் பைக்கில் ஏறக் கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் மூளைக்கு விழும் இரண்டாவது அடி உயிரையே பறிக்கக்கூடும். அடுத்து எப்போது ஓட்டலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சென்னையின் வெயிலில் லெதர் சூட்டுக்குள் வேர்த்து நீர் வற்றிய உடலும் நிதானத்தை இழக்கும் என்பதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் ஒவ்வொரு முறை களத்தில் ஓட்டுவதற்கு முன்பும் பின்பும் நீரும் உப்பும் சேர வேண்டும்.

பெற்றோரிடம் சொல்ல விரும்புவது ஒன்று. ஒரு பருவத்துக்கான பணம் கையில் இருந்தால் அதில் ஒரு பகுதியை விழுந்து உடையும் வண்டிக்கும் மருத்துவச் செலவுக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஸ்பான்சர் வருவார் என்று நகையை அடகு வைக்காதீர்கள். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் பந்தயத்துக்காக விடச் சொல்லாதீர்கள். பிள்ளை களத்திலிருந்து திரும்பியதும் எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்பதற்கு முன், எந்தத் திருப்பத்தில் என்ன மாற்றிப் பார்த்தாய் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அன்றைய தேதி, டயரின் காற்றழுத்தம், சுற்று நேரம் ஆகியவற்றோடு ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். அடுத்த முறை இருங்காட்டுக்கோட்டைக்குப் புறப்படும் காலையில் அந்த நோட்டை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டட்டும்.