கோலாலம்பூர் வீட்டுக்கு மரத்தரையா? நிறத்துக்கு முன்னால் ஈரத்தைப் பாருங்கள்

செலாயாங்கில் அக்கா வீட்டு வரவேற்பறையில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தில் சின்னச் சின்ன மேடுகள் தட்டுப்படும். அமெரிக்க வால்நட் மரம், ஆசை ஆசையாகப் பார்த்து வாங்கியது, போட்ட அன்று கண்ணை எடுக்க முடியவில்லை. நான்கே மாதத்தில் பலகைகள் ஒன்றையொன்று நெட்டி இணைப்புகளில் எழும்பிவிட்டன. மரத்தில் எந்தக் குறையும் இல்லை. குளிர்நாட்டு வீடுகளுக்காக 6 முதல் 9 சதவீத ஈரத்துக்கு உலர்த்திய பலகையை, பெட்டியைப் பிரித்த மறுநாளே, இன்னும் காயாத சிமெண்ட்மேல் ஒட்டிவிட்டார்கள், மரம் நம் ஊர்க் காற்றைக் குடித்து வீங்கியபோது நகர்ந்துகொள்ள இடமே இல்லை.

அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டைப் பாருங்கள். பகல் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும் தரைவீடா, எப்போதும் ஏர்கான் ஓடும் கொண்டோவா? ஏர்கான் அறையில் மரம் ஏறக்குறைய 10 முதல் 12 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும், காற்றோட்டமான வீட்டில் 14, 15 வரைகூடப் போகும். பலகையும் அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஊசி வைத்த ஈரமானியைக் குத்தி அளந்து காட்டச் சொல்லுங்கள், ஒரு பலகையில் மட்டும் இல்லை, வேறு வேறு கட்டுகளிலிருந்து பத்துப் பலகையிலாவது. அளந்து காட்டத் தயங்குகிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

சிமெண்ட் தரையையும் சோதிக்கலாம், செலவே இல்லை. இரண்டடிக்கு இரண்டடி கனமான பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு பக்கமும் டேப் போட்டு நன்றாக ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் பிரிக்கும்போது அடியில் நீர்த்துளியோ கருத்த ஈரமோ தெரிந்தால் பொறுத்திருங்கள். கீழ்த்தளம் என்றால் மண்ணிலிருந்தே ஈரம் ஏறிவரும், அங்கே ஈரத்தடுப்புத் தாள் போடாமல் மரமே போடக்கூடாது. புதுப் பூச்சு போட்ட தரைக்கு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைப்பார்கள், மழைக்காலத்தில் அதற்கும் மேலே ஆகும்.

சரி, எந்த மரம்? வெளிநாட்டுக்காரர்கள் அபூர்வ மரம் என்று காசு கொட்டி வாங்குகிற மெர்பாவும் கெம்பாஸும் நம் காட்டு மரங்கள். மெர்பாவ் 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாகவே அறிவிக்கப்பட்டது. நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பழகிய மரம் கையருகில் இருக்கும்போது, பெரும்பாலான வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது மெர்பாவைத்தான். வைரம் பாய்ந்த பகுதி கறையானைத் தாங்கும், ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் சுருங்கி விரியாது. துளைகளில் மஞ்சள் பொடி போலத் தெரிந்தால் அதுதான் மெர்பாவ் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒரே தொல்லை, தண்ணீர் பட்டால் பழுப்புச் சாயம் கசியும், ஆகவே குளியலறை வாசலிலும் பால்கனி ஓரத்திலும் வேண்டாம். கெம்பாஸ் கெட்டியானது, ஆரஞ்சுச் சிவப்பு, விலையும் குறைவு, ஆனால் கறையானுக்கு மிகவும் பிடிக்கும், மருந்தடிக்காமல் கீழ்த்தளத்தில் போடாதீர்கள். செங்கால் மரம் உறுதியில் ராஜா, விலையும் அப்படித்தான்.

தென்னமெரிக்க மரங்களில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ‘பிரேசிலியன் செர்ரி’ செர்ரியே இல்லை, அது ஜடோபா. ‘பிரேசிலியன் வால்நட்’ என்பது இபே, ‘பிரேசிலியன் தேக்கு’ என்பது குமாரு. பில்லில் மரத்தின் அறிவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். இபேயும் குமாருவும் 2024 நவம்பரிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வந்துவிட்டன, முறையான அனுமதித் தாள் இல்லாமல் நாடு விட்டு நாடு போகக்கூடாது. உள்ளூர் மரமானாலும், காட்டைப் பாழாக்காமல் வெட்டியது என்று காட்டும் எம்டிசிஎஸ் (மலேசியச் சான்று) அல்லது எஃப்எஸ்சி (உலகச் சான்று) சான்றிதழ் கேளுங்கள். காடு அழிந்து வந்த பலகைமேல் என் பிள்ளைகள் நடக்க வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கடினத்தை ஜாங்கா எண்ணில் சொல்வார்கள், ஓர் இரும்புக் குண்டை அதன் விட்டத்தில் பாதி ஆழம் வரை மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கு. வால்நட் 1,010, சிவப்பு ஓக் 1,290, மெர்பாவ் 1,700-க்கு மேல், ஜடோபா 2,300-க்கு மேல், இபே 3,500-ஐத் தொடும். தீபாவளித் திறந்த இல்லத்துக்கு நூறு பேர் நாற்காலி இழுக்கிற வீட்டில் வால்நட் பள்ளம் விழும். ஆனால் மரம் கடினமாக இருப்பதற்கும் மேல்பூச்சு கீறாமல் இருப்பதற்கும் சம்பந்தமில்லை, மணல் ஒட்டிய செருப்பு இபேயின் வார்னிஷையும் கீறிவிடும்.

நிறம் கடைசியில். ஜடோபாவும் மெர்பாவும் வெளிச்சத்தில் கருக்கும், வால்நட் வெளுக்கும். துண்டு ஒன்றை வாங்கிவந்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், புதுத் தரைமேல் உடனே கம்பளம் விரித்தால் அதே போலக் கட்டம் விழும்.

கொண்டோ வீட்டுக்கு, மேல்பக்கம் 3, 4 மில்லிமீட்டர் அசல் மரமும் கீழே பிளைவுட் அடுக்கும் உள்ள பலகை போதும், அதிகம் வளையாது. ஒன்றிரண்டு முறைதான் இழைத்து மெருகேற்ற முடியும். 18 மில்லிமீட்டர் முழு மரத்தை அதைவிடப் பல முறை இழைக்கலாம்.

போடும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். பலகைக் கட்டுகளைப் பிரித்து, போடப்போகும் அறையிலேயே இரண்டு வாரம் காற்றுப்பட வைக்க வேண்டும். சுவரோரம் சுற்றிலும் 10, 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் (சுவரடிப் பட்டையால்) மறைக்க வேண்டும், அக்கா வீட்டில் விட்டுப்போனது இந்த இடைவெளிதான். அப்புறம் பூஜை அறை: குத்துவிளக்கின் அடியில் அகலமான பித்தளைத் தட்டு வையுங்கள், வழிந்த எண்ணெய் மரத்துக்குள் இறங்கினால் எடுக்கவே முடியாது. வாளி வாளியாக ஊற்றிக் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும், ஒட்டப் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும்.

அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். மிஞ்சும் பலகைகளைக் கட்டி அதே வீட்டிலேயே வையுங்கள், பின்னால் ஒரு பலகையை மாற்ற வேண்டி வந்தால் அதே மரம் கடையில் கிடைக்காது.