சிட்டுக்குருவிப் பெட்டியின் துளை அளவு

சிட்டுக்குருவிக்காக இறவாரத்தின் கீழ் மாட்டும் மரப்பெட்டியின் துளையை 32 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மேல் வெட்டாதீர்கள். துளைக்குக் கீழே குச்சியும் பொருத்த வேண்டாம். அந்த அளவில் சிட்டுக்குருவி எளிதாக நுழைந்துவிடும், உடல் பெருத்த மைனாவால் நுழைய முடியாது. விளிம்பைப் பற்றி ஏறத் தெரிந்த குருவிக்குக் குச்சி தேவையே இல்லை. அதில் அமர்ந்து அலகை நுழைக்கப் பார்க்கும் காக்கைக்குத்தான் அது வசதி.

இராமநாதபுரம் கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பு ஆணியை விரைவில் அரித்துவிடுவதால், பெட்டியை நைலான் கயிற்றால் இறுகக் கட்டுவது நல்லது; மீன்வலையில் கழித்துப்போட்ட கயிறே போதும். வெயிலில் கொதிக்கும் தகரப்பெட்டி உதவாது.

பனையோலையில் தானே கூடு பின்னிக்கொள்ளும் தூக்கணாங்குருவிக்கும், முட்புதரில் புல்லால் உருண்டையாகக் கூடு கட்டும் சில்லை என்னும் சிறு குருவிக்கும் இந்தப் பெட்டி பயன்படாது.