ஜெர்மனி, ஆஸ்திரியா குடும்பச் சுற்றுலா: திட்டம் போடும்போதே நடக்கும் தவறுகள்

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஹைடல்பெர்க், ரோத்தன்பர்க், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, இன்ஸ்ப்ரூக், சால்ஸ்பர்க், ஹால்ஷ்டாட், கடைசியில் வியன்னா. மொத்தம் ஏழு நாள். கூடவே முழங்கால் வலியுள்ள அப்பா அம்மா, இரண்டு குழந்தைகள். மியூனிக்கிலோ ஷ்டுட்கார்ட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் நம் குடும்பங்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வரைபடத்தில் எல்லா ஊரும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிறது, ரயில் வசதியும் இருக்கிறது, பிறகென்ன என்று தோன்றும்.

இந்தத் திட்டத்தில் ஊர்களைத்தான் எண்ணியிருக்கிறார்கள், மணிக்கணக்கை எண்ணவில்லை. இங்கே கோட்டைக்கு நுழைவு நேரம் உண்டு, ஏரிக்குக் கடைசிப் படகு உண்டு, டிக்கெட்டுக்குத் தொடங்கும் நேரம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைவீதியே மூடிக் கிடக்கும். மொழி தெரியாமல் திண்டாடியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நேரம் தெரியாமல் திண்டாடியவர்கள் ஏராளம்.

மே மாதத்தைக் கோடை என்று நம்புவது

நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே என்பதால் டிக்கெட்டும் அப்போதுதான் போடுகிறோம். மியூனிக்கிலும் வியன்னாவிலும் அது இளவேனில். பூங்காக்கள் அழகாக இருக்கும், ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆல்ப்ஸ் மலையின் மேல்பகுதி அப்போதும் குளிர்காலத்திலிருந்து முழுதாக வெளியே வந்திருக்காது. ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலை வழக்கமாக மே தொடக்கத்தில்தான் திறக்கும். பனி அதிகமென்றால் தள்ளிப்போகும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பனிச்சறுக்கு சீசன் முடிந்து கோடை சீசன் தொடங்கும் இடைவெளியில், அதாவது ஈஸ்டருக்குப் பிறகு பல வாரங்களுக்கு, நிறைய கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். ‘ரெவிஷன்’ என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கும். மலையடிவாரம் வரை குடும்பத்தோடு போய் அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்புவது கொடுமை. எந்தக் கேபிள் காருக்கும் அதன் சொந்த இணையதளத்தில் தேதி பார்த்துவிட்டே ஊரைத் தேர்ந்தெடுங்கள். உச்சியில் பெரும்பாலும் வெப்கேமும் இருக்கும். காலையில் கிளம்பும் முன் அதைப் பார்த்து, மேகம் மூடியிருந்தால் அன்றைக்கு மலையை விட்டுவிட்டு நகரத்தைச் சுற்றலாம். ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரமான 2,962 மீட்டர் சுக்ஷ்பிட்ஸவுக்குக் காசு கொடுத்து ஏறி, வெள்ளை மேகத்தை மட்டும் போட்டோ எடுத்து வருபவர்கள் உண்டு.

மே, ஜூனில் பொது விடுமுறைகளும் வரிசையாக வரும்: மே தினம், இயேசு விண்ணேறிய வியாழன், பெந்தெகொஸ்தே திங்கள், அப்புறம் கத்தோலிக்கப் பகுதிகளில் இன்னொரு வியாழன். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலமும் ஆஸ்திரியாவும் கத்தோலிக்க மண் என்பதால் இது எல்லாமே பொருந்தும். அந்த நாட்களிலும், எல்லா ஞாயிறுகளிலும் சூப்பர் மார்க்கெட் திறக்காது. ஆஸ்திரியாவில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே கதவு சாத்திவிடுவார்கள். பால், தயிர், ரொட்டி எல்லாம் சனி மதியமே வாங்கி வையுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கதி.

கோட்டைக்குக் கீழே நின்று தவிப்பது

குடும்பங்கள் அதிகம் சொதப்பும் இடம் நொய்ஷ்வான்ஸ்டைன்தான். இரண்டாம் லூட்விக் மன்னன் 1869-இல் கட்டத் தொடங்கியது. 1886-இல் அவன் இறந்தபோதும் வேலை முடியவில்லை. இறந்த சில வாரங்களிலேயே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், அன்றிலிருந்து கூட்டம்தான்.

மியூனிக்கிலிருந்து ஃபூஸனுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் ஹோஹென்ஷ்வாங்காவ் கிராமம். டிக்கெட் மையம் இந்தக் கிராமத்தில், அடிவாரத்தில் இருக்கிறது. மேலே கோட்டை வாசலில் டிக்கெட் கிடையாது. டிக்கெட்டில் நுழைவு நேரம் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் டிக்கெட் வீண். கிராமத்திலிருந்து மேலே நடக்க முப்பது, நாற்பது நிமிடம் ஆகும், அதுவும் ஏற்றம். குதிரை வண்டி இருக்கிறதே என்றால், அது கோட்டை வாசல் வரை போகாது. இறங்கிய இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். பஸ் மரியென் பாலத்துக்குப் பக்கத்தில் விடும். அங்கிருந்து கோட்டைக்கு இறக்கமான பாதை. பனியோ உறைபனியோ இருந்தால் பஸ் ஓடாது, பாலத்தையும் மூடிவிடுவார்கள். உள்ளே போனால் சுற்றிக்காட்டல் அரை மணி நேரம்தான், அதில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள். குழந்தையின் தள்ளுவண்டியை உள்ளே விட மாட்டார்கள், போட்டோவும் எடுக்கக் கூடாது.

ஆக, காலை ஒன்பதரைக்கு மியூனிக்கில் கிளம்பி பதினொன்றரைக்கு நுழைவு நேரம் போட்டு வைப்பது நடக்காத காரியம். மதியம் இரண்டு மணிக்கு மேல் போடுங்கள். பெரியவர்களுக்கு முடியாது என்றால் உள்ளே போகாமலே இருக்கலாம். வெளித்தோற்றமும் பாலத்திலிருந்து தெரியும் காட்சியும்தான் அந்த இடத்தின் பெருமை, உள் அறைகளில் கொஞ்சமே முடிக்கப்பட்டிருக்கின்றன. அரண்மனைக்குள் பார்க்க ஆசை என்றால் அதே மன்னனின் லிண்டர்ஹோஃப் நல்ல தேர்வு. அவன் உயிரோடு இருக்கும்போதே கட்டி முடித்த ஒரே அரண்மனை அதுதான். சிறியது, அலுப்பு குறைவு.

டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்

பயர்ன் டிக்கெட் என்பது ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் பவேரியா முழுவதும் ஒரு நாள் சுற்றும் வசதி. சால்ஸ்பர்க் வரையும் செல்லும். குடும்பத்துக்கு இதைவிட மலிவாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். எட்டு மணி ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் கணக்கு. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஐசிஇ போன்ற அதிவேக ரயில்களில் எந்த நாளும் செல்லாது. பயணிகளின் பெயரையும் டிக்கெட்டில் எழுத வேண்டும். பேனா ஒன்று பையில் இருக்கட்டும்.

மியூனிக்கின் எஸ்-பான் (புறநகர் ரயில்), யூ-பான் (மெட்ரோ) நிலையங்களில் தடுப்புக் கதவு எதுவும் இருக்காது. நேரே நடந்து ஏறிவிடலாம். நடைமேடைக்கு இறங்கும் வழியில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு சின்ன நீலப் பெட்டி நிற்கும். காகித டிக்கெட்டை அதில் செருகினால் ‘டக்’கென்று நேரம் பதியும். சில டிக்கெட்டுகள் மெஷினிலிருந்து வரும்போதே முத்திரையோடு வரும், சில வராது. முத்திரை இல்லாத டிக்கெட்டோடு சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் மாட்டினால் தலைக்கு 60 யூரோ. சுற்றுலாப் பயணி, தெரியாது என்று சொன்னால் இரக்கம் பிறக்காது.

ரயிலின் நடுவில் பெட்டிகள் பிரிவதும் உண்டு. மியூனிக்கிலிருந்து தெற்கே ஏரிகள் பக்கம் போகும் ரயிலின் ஒரு பகுதி ஹோல்ஸ்கிர்ஹெனில் பிரிந்து பைரிஷ்ஸெல்லுக்குப் போகும். மற்றது ஷாஃப்ட்லாஹில் மறுபடி பிரிந்து ஒன்று டெகெர்ன்ஸேவுக்கும் ஒன்று லெங்ரீஸுக்கும் போகும். தாத்தா ஜன்னல் சீட்டைத் தேடி இரண்டு பெட்டி தள்ளி உட்கார்ந்தால் வேறு ஊருக்குப் போய்விடுவார். பெட்டியின் பக்கவாட்டுத் திரையில் போகும் ஊர் பெயரைப் பார்த்து, எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறுங்கள்.

ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்ற நம்பிக்கை பழைய கதை. 2024-இல் ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் தொலைதூர ரயில்களில் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாமல். ஆப் காட்டும் எட்டு நிமிட இடைவெளியில் நாலு பெட்டி, தள்ளுவண்டி, முதியவர்களோடு நடைமேடை மாறுவதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இடையில் அரை மணி நேரமாவது விடுங்கள். இருக்கை முன்பதிவுக்குத் தனிக் காசு. டிக்கெட் வாங்கினாலே சீட் கிடைத்துவிடாது. குடும்பமாகப் போகும்போது அந்தச் சில யூரோக்களை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டு சால்ஸ்பர்க் போவது

இது அடிக்கடி நடக்கிறது. ஷெங்கன் பகுதிக்குள் எல்லையே இல்லை என்று படித்திருப்போம். போகும்போது யாரும் கேட்கவும் மாட்டார்கள். திரும்பும்போதுதான் ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறும். 2015-லிருந்து ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி மறுபடி சோதனை செய்துவருகிறது. போனில் இருக்கும் படம் போதாது, அசல் பாஸ்போர்ட் எல்லோருக்கும் வேண்டும், குழந்தைகளுக்கும்.

விசா விஷயத்திலும் ஒன்று. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. சீக்கிரம் தேதி கிடைக்கிறதே என்று வேறு தூதரகத்தில் போட்டுவிட்டுத் திட்டத்தை வளைக்காதீர்கள்.

ஹால்ஷ்டாட்டை அரை நாளில் முடிப்பது

சுமார் 750 பேர் வாழும் கிராமம். கூட்ட நாட்களில் பத்தாயிரம் பேர் வரை வருகிறார்கள். அச்சு அசல் இதைப் போலவே சீனாவின் குவாங்டாங்கில் 2012-இல் ஒரு நகல் ஊரையே கட்டித் திறந்தார்கள் என்றால் அதன் புகழைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் ஊர்க்காரர்கள் பொறுமையிழந்து, செல்ஃபி எடுக்கும் இடத்தில் கொஞ்ச காலம் மரவேலியே போட்டார்கள்.

சால்ஸ்பர்க்கிலிருந்து பொதுப் போக்குவரத்தில் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. இறங்கிப் படகில்தான் ஊருக்குப் போக வேண்டும். ரயில் நேரத்தை ஒட்டியே படகு ஓடும், மாலையிலேயே நின்றும் விடும். பதினொரு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பினால் நீங்கள் பார்ப்பது ஏரியை விட மற்றவர்களின் முதுகைத்தான். பக்கத்து ஓபர்ட்ராவ்னிலோ பாட் கோய்ஸர்னிலோ ஓர் இரவு தங்கி, காலை எட்டு மணிக்குள் ஊரைச் சுற்றிவிடுங்கள். அதற்கு நாள் இல்லையென்றால் ஹால்ஷ்டாட்டை விட்டுவிட்டு வோல்ஃப்காங் ஏரிக்குப் போகலாம் என்பது என் கட்சி. அங்கே படகும் இருக்கிறது, 1893-லிருந்து ஓடும் ஷாஃப்பெர்க் பற்சக்கர ரயிலும் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

பவேரியாவின் கோனிக்ஸே ஏரியிலும் இதே கடைசிப் படகுக் கதைதான். சாலை கிடையாது. கரை திரும்ப மின்படகுதான் வழி. கடைசி நிறுத்தமான ஸாலெட்டில் மாலையில் வரிசை நீளும். காலை முதல் படகுகளில் போய் மதியத்துக்குள் திரும்பினால் நிம்மதி.

சாப்பாடு, தண்ணீர், சில்லறை

சின்ன ஊர் உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடி, மாலை ஐந்து, ஐந்தரைக்குத்தான் மறுபடி அடுப்பைப் பற்ற வைப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. சைவக்காரர்கள் சூப்பில் கவனமாக இருங்கள். காய்கறி சூப் என்றாலும் மாட்டெலும்பு வேகவைத்த நீராக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். சீஸ் சேர்த்த நூடுல் வகையான கேஸஷ்பெட்ஸலவும் காளான் குழம்போடு வரும் ரொட்டி உருண்டையும் கிட்டத்தட்ட எங்கும் கிடைக்கும், ஆனால் இரண்டிலும் முட்டை உண்டு.

வாடகை வீட்டில் சமைப்பவர்கள் ஊரிலிருந்து அலுமினிய குக்கரைத் தூக்கி வருகிறார்கள். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அது சூடாகவே ஆகாது. மிளகாய் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கூரையில் புகை அலாரம் காத்திருக்கிறது.

இரண்டு நாட்டிலும் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். வியன்னாவுக்கு 1873-லிருந்து ஆல்ப்ஸ் ஊற்று நீர்தான் வருகிறது. ஜெர்மனியில் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள்; சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். ஆஸ்திரியாவிலும் 2025 முதல் இதே முறை வந்துவிட்டது, ஆனால் ஒரு நாட்டுப் பாட்டிலை இன்னொரு நாட்டு மெஷின் ஏற்காது. கழிப்பறைக்கு 50 சென்ட், ஒரு யூரோ நாணயங்கள் எப்போதும் பையில் வேண்டும்.

கார் எடுப்பவர்களுக்கு

ஜெர்மன் ஆட்டோபானில் காருக்குக் கட்டணம் இல்லை. ஆஸ்திரியாவில் நுழைந்தால் நெடுஞ்சாலைக்கு ‘விக்னெட்’ என்ற சாலைக் கட்டணச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். ஒரு நாளுக்கும், பத்து நாளுக்கும் கிடைக்கிறது. கேமரா பிடித்துவிடும். கிராஸ்குளோக்னர் சாலைக்கு அது போதாது, தனியாகக் கட்ட வேண்டும். ஊரில் எடுத்த ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் கொண்டு வாருங்கள். கியர் இல்லாத கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லுங்கள். ஜெர்மனியில் பன்னிரண்டு வயதுக்குள், 150 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சு எடுபடாது.

விமான நிலையத்தில் கடைசித் தவறு

வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. ஒரே பில்லில் ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல், ஆஸ்திரியாவில் 75 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் பொருளைப் பெட்டியில் அடைத்து, பெட்டியை கவுண்டரில் அனுப்பிவிட்டு வந்தால் சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லும்போது கையில் எதுவும் இருக்காது. சுங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பொருள் இருக்கிறது என்று கவுண்டரில் முதலிலேயே சொல்லுங்கள். வியன்னாவில் வாங்கியதைக் கைப்பையில் வைத்து, ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஐரோப்பாவை விட்டுக் கிளம்பினால் சுங்க முத்திரை ஃபிராங்க்ஃபர்ட்டில்தான். பில் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் இருக்க வேண்டும். அங்கேயே குடியிருக்கும் பிள்ளையின் பெயரில் போட்டால் ஒரு சென்ட்கூடத் திரும்ப வராது.