வான் வண்டியில் ஊர் சுற்றி வரைய: காயாத ஓவியமும் எண்ணெய்த் துணியும்

இலங்கையின் திருகோணமலை – அனுராதபுரம் – புத்தளம் ஏ12 வீதியில் போனால் கிழக்கில் கடல்மேல் உதயம், மேற்கில் களப்பின்மேல் அஸ்தமனம் இரண்டையும் வரையலாம். ஒக்டோபருக்கு முன் புறப்படுங்கள். பிறகு வடகீழ்ப் பருவமழை.

வானுக்குள் பெரிய தலையிடி, காயாத எண்ணெய் வர்ணம்தான். வரைந்த 9க்கு 12 அங்குல ஹார்ட்போர்ட்டுகளை (அழுத்திய மரநார்ப் பலகைகளை) செருக, 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் காடி வெட்டிய மரப்பெட்டி செய்யுங்கள். வாய் மேலே பார்க்கட்டும். முன்பக்கம் பார்த்தால் பிரேக் போட்டதும் எல்லாம் வழுக்கி வந்து ஒன்றில் ஒன்று அப்பிவிடும்.

வர்ணத்தில் கலக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவே வேண்டாம். எண்ணெய் உலரும்போது சூடேறும். சுருளுக்குள் அந்தச் சூடு அடைபட்டால் நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றும். தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள தகரப் பேணியில் போடுங்கள். வர்ணத்தைக் கரைக்கும் டேர்பன்டைன் போத்தல் திறந்திருந்தால், அதன் ஆவி வெளியேற வண்டிக் கதவும் திறந்திருக்கட்டும்.